மன்னிப்பும் செவிசாய்ப்பும்

லூக்கா சுவிசேஷம் பதினைந்தாம் அதிகாரத்தின் உவமையை அறியாதார் இக்கல்லூரியில் மிகச் சிலரே. தகப்பனிடத்துத் தன் பங்கைப் பிரித்து வாங்கிக்கொண்டு தூரதேசஞ் சென்று, யாவற்றையும் அழித்து, பன்றிகளிடையே பசித்துக் கிடந்து, புத்தி தெளிந்து வீடு திரும்பிய இளைய மகனின் கதை அது. தமிழ்க் கிறிஸ்தவர் அதனைக் ‘கெட்ட குமாரன் உவமை’ என்று வழங்குவர். கதையில் வரும் மூவருள் கெட்டவனை மட்டும் பிரித்தெடுத்துத் தலைப்பிட்டமை எமக்கு நெடுநாளாகவே ஓர் உறுத்தல். அது நிற்க. அவ்வுவமை முடியும் இடம் யாது? கொழுத்த கன்று அடிக்கப்பட்டது. வீட்டில் கீதவாத்தியம் முழங்கிற்று. மூத்தவன் சினந்து புறத்தே நின்றான். தகப்பன் வெளியே வந்து அவனை வருந்தி அழைத்தான். அவ்வளவே. மூத்தவன் உள்ளே சென்றனனா? மறுநாட் காலையில் இளையவன் கண்விழித்தபோது எந்த இருக்கையிற் சென்று அமர்ந்தான்? பணியாளர் அவன் முகத்தை எங்ஙனம் நோக்கினர்? வேதம் இவற்றைச் சொல்லவில்லை. சொல்லுதல் அதன் நோக்கமுமன்று.

அம்மறுநாட் காலையைப் பற்றியதே யாம் ஈண்டு பேசப் புகும் நூல். அமெரிக்க நாட்டு நூலாசிரியை மேரிலின் ராபின்சன் 2008ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘ஹோம்’ என்னும் நாவல் அது. இவ்வம்மையார் 1943இல் ஐடஹோ மாகாணத்திற் பிறந்தவர். இவரது முதல் நாவல் 1980இல் வெளிவந்தது. இரண்டாவதற்கு உலகம் 24 ஆண்டுகள் காத்திருந்தது. 2004இல் வந்த அவ்விரண்டாம் நாவலே ‘கிலியட்’. அதற்கு 2005இல் புலிட்சர் பரிசு கிடைத்தது. அடுத்து வந்த ‘ஹோம்’ 2009இல் ஆரஞ்சுப் பரிசைப் பெற்றது. பின்னர் 2014இல் ‘லைலா’வும் 2020இல் ‘ஜாக்’கும் வெளிவந்தன. நான்கும் ஒரே ஊர் மாந்தரைப் பற்றியனவே. கிலியட் என்பது அயோவா மாகாணத்தில் ஆசிரியை கற்பித்துக்கொண்ட சிற்றூர். நம் தமிழ் வேதாகமத்தில் ‘கீலேயாத்’ என்று வருவது அப்பெயரே. அங்கே பிசின் தைலம் இல்லையோ, வைத்தியனும் இல்லையோ என்று எரேமியா தீர்க்கர் புலம்பிக் கேட்டதை நினைவிற் கொண்டால், ஊருக்கு அப்பெயர் வாய்த்த கருத்துப் புலனாகும்.

இந்நூலைப் பற்றி எம் விடுதியில் ஒரு வழக்கு நிகழ்ந்தது. அதனை வாசித்த நண்பர் சிலர், ‘இதில் வரும் முதிய போதகர் உவமையின் தகப்பனே, மன்னித்து மன்னித்துக் களைத்த பிதா. மகனோ நன்றிகெட்டவன், எத்தனை கிருபை பொழிந்தும் மீண்டும் ஓடிப்போனவன்’ என்று தீர்ப்புக் கூறினர். யாம் இதனை உடன்பட்டிலேம். அம்முதியவர் மன்னித்தார் என்பது மெய். ஆயினும் மகன் சொல்ல வந்ததைச் செவிகொடுத்துக் கேட்டாரல்லர். கேளாத மன்னிப்பு வாயிற்கதவைத் திறந்துவிட்டு உள்ளறையைப் பூட்டிவைப்பது போல்வது. இதுவே எம் கருத்து. இதனை நிறுவுதற்கு முதலிற் கதையைக் கூறல் வேண்டும்.

காலம் 1956. ராபர்ட் பௌட்டன் என்பவர் ஓய்வுபெற்ற பிரெஸ்பிடேரியன் சபைப் போதகர், மனைவியை இழந்தவர், மூப்பினாலும் நோயினாலும் தளர்ந்தவர். அண்டையில் வாழும் அவருடைய உயிர்த்தோழர் ஜான் ஏம்ஸ், காங்கிரிகேஷனல் சபைப் போதகர். (1816இல் யாழ்ப்பாணத்திற்கும் 1834இல் மதுரைக்கும் வந்த அமெரிக்க மிஷனரிமாரை அனுப்பிய சங்கமும் பெரும்பாலும் இவ்விரு சபையாரின் கூட்டுறவால் நடந்ததே. அவர்கள் நடத்திய பள்ளிகளில் அவ்வுவமையைக் கற்ற நம் முன்னோர் பலர். ஆதலின் பௌட்டனின் வீடு எமக்கு முற்றும் அந்நியமான வீடன்று.) பௌட்டனுக்கு மக்கள் எண்மர். அறுவர் நல்வாழ்வு பெற்று வெவ்வேறிடங்களிற் குடியேறினர். கடைசி மகள் குளோரி, 38 வயதினள், பள்ளி ஆசிரியையாயிருந்தவள். மணஞ்செய்வதாக வாக்களித்தவன் 452 கடிதங்கள் எழுதினான். முடிவில் அவன் முன்னரே மணமானவன் என்று தெரியவந்தது. அவமானத்தை ஒருவர்க்குஞ் சொல்லாமல், தந்தையைப் பேண வந்ததாகவே காட்டிக்கொண்டு அவள் வீடு திரும்பியிருக்கிறாள். எஞ்சியவன் ஜாக். தந்தையின் தோழர் பெயரையே ஞானஸ்நானத்திற் பெற்றவன்; எண்மருள்ளும் தந்தை மிக நேசித்தவன்; இருபது ஆண்டுகளாக வீட்டுப்பக்கம் தலைகாட்டாதவன். தாயின் அடக்கத்திற்கும் அவன் வந்திலன்.

அவன் செய்த பிழைகள் சிறியவல்ல. இளமையிற் களவாடினான், குடித்தான். கல்லூரி மாணவனாயிருக்கையில் வறிய வீட்டுச் சிறுபெண்ணொருத்தியைத் தாயாக்கிவிட்டுக் கைவிட்டு ஓடினான். அக்குழந்தையைப் பௌட்டன் குடும்பத்தார் தம்மாலியன்ற மட்டும் பேண முயன்றனர். எனினும் காலிற் பட்ட வெட்டுக்காயம் புரையோடி அப்பெண்குழந்தை மூன்று வயதளவில் இறந்தது. இத்துணையும் அறிந்தே அத்தகப்பன் மகனுக்காகக் காத்திருக்கிறார். வருவதாகக் கடிதம் வந்த நாள் முதல் அதனைப் பன்முறை வாசிக்கிறார், குறித்த நாள் கடக்கிறது, மகன் வந்திலன், அவர் உண்ணாமலும் பேசாமலும் ஏங்குகிறார். ஈற்றில் ஒருநாள் மெலிந்த உருவமும் நைந்த உடையுமாய் ஜாக் வந்து சேருகிறான்.

இதன்பின் நூலில் நடப்பவை வெளிப்பார்வைக்கு ஒன்றுமில்லை. தோட்டத்திற் களையெடுக்கிறான். கொட்டகையிற் கிடந்த டிசோட்டோ மோட்டார் வண்டியைப் பழுதுபார்க்கிறான். தகப்பனுக்காகப் பியானோவிற் கீர்த்தனைகள் வாசிக்கிறான். குளோரி சமைக்கிறாள், மூவரும் உண்கிறார்கள், மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறார்கள். ஆம், மன்னிப்புக் கேட்டுக்கொள்ளுதலே இவ்வீட்டின் முதன்மையான தொழிலென்று சொல்லலாம். நாற்காலியில் அமர்வதற்கும் இசைவு வேண்டும் விருந்தினனைப்போல் ஜாக் நடந்துகொள்கிறான். பிறந்த வீட்டில் ஒருவன் இத்துணைப் பணிவாயிருத்தல் அவ்வீட்டிற்குப் பெருமையா என்று நண்பர்கள் எண்ணிப் பார்த்தல் வேண்டும். ‘நூலில் ஒன்றும் நிகழவில்லை, நூறு பக்கத்தில் முடிக்கலாம்’ என்று கூறினாரும் உளர். அவர்க்கு யாம் விடைகூற விரும்பவில்லை. நோயாளி ஒருவர் கிடக்கும் வீட்டில் நாட்கள் எங்ஙனம் நகருமென்று கண்டவர்க்கு இந்நடையின் மெதுவு உண்மையென்று தோன்றும்.

இனி எம் வழக்கிற்கு உயிரான பகுதிக்கு வருவோம். வீட்டில் ஒரு தொலைக்காட்சிப் பெட்டி வைக்கப்படுகிறது. அதிலே அலபாமா மாகாணத்து மாண்ட்காமெரி நகரத்துச் செய்திகள் வருகின்றன. 1955 டிசம்பர் முதல் 381 நாட்கள் அந்நகரத்துக் கறுப்பினத்தார் நகரப் பேருந்துகளில் ஏறாது மறுத்து, நிறவேற்றுமையை எதிர்த்த காலம் அது. போலீசார் அவர்களை அடித்து இழுத்துச் செல்லும் காட்சியைக் கண்ட ஜாக், தன்னையறியாமல் ஆண்டவரின் பெயரைச் சொல்லி அலறிவிடுகிறான். தகப்பன் திடுக்கிடுகிறார். எதற்கு? அடிபட்டவர்க்காகவன்று, மகன் கர்த்தருடைய நாமத்தை வீணிலே வழங்கினான் என்பதற்காக. திரையிற் கண்டதோ, அவர் கருத்தில், சின்னாட்களில் எல்லாரும் மறந்துபோகும் ஒரு சிறு கலகமே. மற்றொரு நாள் எம்மெட் டில் என்பானைப் பற்றிப் பேச்செழுகிறது. சிகாகோ நகரத்துச் சிறுவனாகிய அவன், மிசிசிப்பியில் உறவினர் வீட்டிற்கு வந்தவிடத்து, வெள்ளைப் பெண்ணொருத்தியிடம் முறைகேடாய் நடந்தான் என்னும் பழியின்பேரில் 1955 ஆகஸ்டில் 14ஆம் வயதிற் கொடிதாகக் கொல்லப்பட்டவன். கொலையுண்டவன் ஏதோ குற்றஞ் செய்தவன் என்ற அளவிலேயே கிழவரின் நினைவு நிற்கிறது. கறுப்பினத்தார் பொறுமையாயிருந்து தம்மைத் தாமே திருத்திக்கொள்ளல் வேண்டும் என்பது அவர் துணிபு. குரல் உயர்த்திப் பேசவுமில்லை; வெறுப்போடு பேசவுமில்லை. மென்மையாக, மகனுக்குத் தேறுதல் கூறுவார்போல, இச்செய்திகளால் மனங்கலங்கவேண்டா என்கிறார்.

ஜாக் மறுத்துச் சில சொற்கள் கூறுகிறான், பின் அடங்கிவிடுகிறான். முதன்முறை வாசிப்போர்க்கு இது ஏதோ அரசியல் வாதம் என்றே தோன்றும். நூலின் கடைசிப் பக்கங்களிலேதான் உண்மை வெளிப்படுகிறது. செயிண்ட் லூயிஸ் நகரத்தில் ஜாக்குக்கு மனைவியென்று சொல்லத்தக்க ஒருத்தி இருக்கிறாள். பெயர் டெல்லா, பள்ளி ஆசிரியை, மெம்பிஸ் நகரத்துக் கறுப்பின மெதடிஸ்டு பிஷப் ஒருவரின் மகள். அவர்களுக்கு ஓர் ஆண்மகவும் உண்டு. மிசௌரியிலும் டென்னசியிலும் வெள்ளையரும் கறுப்பினத்தாரும் மணப்பதைச் சட்டம் தடுத்தது. 1967ஆம் ஆண்டில் அமெரிக்க உச்சநீதிமன்றம் அத்தகைய சட்டங்களைச் செல்லாதனவென்று தீர்க்கும்வரை அத்தடை நின்றது. அயோவாவிலோ அவ்விதத் தடை 1851இலேயே நீக்கப்பட்டது. ஆகவே ஜாக் வீடு திரும்பியது இளைப்பாறுதற்கன்று, தகப்பனின் ஆஸ்திக்குமன்று. மனைவியோடும் மகனோடும் மானமாய் வாழ்தற்குத் தான் பிறந்த ஊரில் ஓரிடமுண்டா என்று அறிதற்கே வந்தான். அதனை நேரிற் கேட்கத் துணிவின்றி, தொலைக்காட்சியைக் காட்டியும் பத்திரிகையைக் காட்டியும் தகப்பனின் உள்ளத்தைத் தட்டிப் பார்த்தான். தகப்பன், தாம் எதற்கு விடைகூறுகிறோம் என்று அறியாமலே, இடமில்லை என்று விடைகூறிவிட்டார்.

அன்றியும் இவ்விடை வந்த ஊர் எத்தகையது? கிலியட் அடிமைத்தனத்தை ஒழிக்கப் போராடிய பக்தர்களால் உண்டான ஊர். ஏம்ஸ் போதகரின் பாட்டனார் துப்பாக்கியேந்தி அப்போராட்டத்திற் கலந்தவர். அவ்வூரிலே கறுப்பினத்தார்க்கு ஒரு சிறு தேவாலயம் இருந்தது; அதற்கு எவரோ தீயிட்டனர்; தீ சிறிதே, சேதமும் சிறிதே என்று ஊரார் பேசிக்கொண்டனர்; கறுப்பினத்தார் ஊரைவிட்டு அகன்றனர். பாட்டன்மார் உயிரைப் பொருட்படுத்தாது காத்த கொள்கையைப் பேரன்மார் மறுத்ததுமில்லை, நினைத்ததுமில்லை. கொடுமை செய்வோர் இந்நூலில் ஒருவருமிலர். யாவரும் நல்லவர்; வேதம் வாசிப்போர்; அண்டையாருக்குப் பலகாரம் கொண்டுபோய்க் கொடுப்போர். இதுவே எம்மை அச்சுறுத்தியது. ஜாதி ஆசாரத்தைச் சபைக்குள்ளும் காத்தல் வேண்டுமென்று தஞ்சையிலே 1829இல் மிஷனரிமாரோடு வாதாடிய வேதநாயகம் சாஸ்திரியாரின் பக்தியில் எவரும் குறைகாணார். இன்றும் அவர் கீர்த்தனைகளைப் பாடி யாம் உருகுகின்றோம். பக்தியுடையார்க்கும் பார்வையிற் குருடான ஓரிடம் உண்டு என்பதற்கு அயோவா வரையிற் போகவேண்டியதில்லை.

ஜாக் தன் மறைபொருளை வேறொரு வாயிலாலும் கேட்டுப் பார்க்கிறான். தந்தையும் ஏம்ஸும் அமர்ந்திருக்கும் திண்ணையில், சிலரைத் தேவன் கேட்டிற்கென்றே முன்குறித்து விடுகிறாரோ என்று வினவுகிறான். போதகர் இருவரும் நெடுநேரம் சாஸ்திர நுட்பங்கள் பேசி நழுவுகின்றனர். தமிழ் பயில்வோர்க்கு இவ்வினா புதிதன்று. ‘ஊழ்’ என்னும் அதிகாரத்தையும் ‘ஆள்வினையுடைமை’ என்னும் அதிகாரத்தையும் ஒரே நூலுள் வைத்த வள்ளுவரை எத்தனை வகுப்புகளில் யாம் வினவி வினவி ஓய்ந்திருக்கின்றோம்! ஆனால் ஜாக் வாதத்திற்காகக் கேட்கவில்லை. தன்னைப் பற்றிக் கேட்கிறான். அதனை உணர்ந்தவள் அங்கே ஒருத்தியே. ஏம்ஸின் இளமனைவியாகிய லைலா, நாடோடியாய் வளர்ந்து கல்வி குறைந்தவள், மனிதன் மாறக்கூடும், எல்லாமே மாறக்கூடும் என்று எளிய சொற்களிற் சொல்லிவிடுகிறாள். ஜாக் அவளுக்கு நன்றி கூறுகிறான். போதகர் இருவரின் கல்வி அளிக்காததை அவள் ஒரு மூச்சில் அளித்தாள். வேறொருநாள் ஜாக் ஏம்ஸின் சபைக்குச் சென்று அமர்கிறான். அன்றைக்குப் பிரசங்கம் ஆகாரும் இஸ்மவேலும் வனாந்தரத்திற்கு அனுப்பப்பட்டதைப் பற்றியது. பிள்ளையைக் கைவிட்டவனென்று தன்னையே மேடையிற் சுட்டினார் என்று அவன் நொந்து திரும்புகிறான். ஏம்ஸுக்கு உள்ளே ஒரு கசப்பு இருந்ததென்பதை அவரே ‘கிலியட்’ நாவலில் ஒப்புக்கொள்கிறார்.

டெல்லாவுக்கு அவன் எழுதிய கடிதங்கள் பிரிக்கப்படாமலே திரும்பி வருகின்றன. நம்பிக்கையற்ற ஓர் இரவில் அவன் குடிக்கிறான்; கொட்டகையிலுள்ள வண்டிக்குள் தன் உயிரை மாய்த்துக்கொள்ள முயல்கிறான்; அதிலுந் தோற்கிறான். காலையிற் கண்டவள் குளோரி. அவள் அலறவில்லை, போதிக்கவுமில்லை. தகப்பன் காணாதபடி மறைத்து, அழுக்கைக் கழுவி, உடைமாற்றி, உணவூட்டுகிறாள். இவ்விடத்திலே உவமை தலைகீழாகிறது என்பதை நண்பர்கள் கவனித்தல் வேண்டும். உவமையில் வீட்டிலிருந்த உடன்பிறப்பு புறத்தே நின்றான், தகப்பன் எதிர்கொண்டோடினான். இந்நூலிலோ எதிர்கொண்டோடுபவள் உடன்பிறந்தாள். தன் காயத்தை அவனுக்குக் காட்டி, அவன் காயத்தைத் தான் கண்டு, கேலியும் கண்ணீருமாய் இருவரும் அச்சமையலறையில் அடைந்த நட்பே இந்நூலில் நிகழும் மெய்யான கூடுகை. முன்னே நாளில் அவர்கள் ஒருவரையொருவர் நன்கறிந்தவரல்லர் என்பதும் நோக்கத்தக்கது.

தகப்பனைப் பற்றி யாம் கடுமையாய்ப் பேசுகின்றோமோ? அவர்பால் எமக்கு மதிப்பு உண்டு. இருபது ஆண்டு ஒருவனுக்காக ஏங்கியிருத்தல் எளிதன்று. அறிந்து பின் மன்னிப்போம் என்பது தவறு, மன்னித்தாலன்றி அறிதல் கூடாது என்று அவரே தம் மக்கட்கு முன்னாளிற் போதித்தவர். எத்துணை ஆழ்ந்த கருத்து! ஆனால் அவர் அதில் முற்பாதியோடு நின்றுவிட்டார். மன்னித்தார், அறிதலை நோக்கி அடியெடுத்து வைத்தாரல்லர். மகனின் பழைய பாவங்கள் அவர்க்கு மனப்பாடம். அவனது இன்றைய அன்பைப் பற்றி அவர் ஒரு வினாவேனும் எழுப்பியிருப்பின்? அவர் விரும்பியது மகனின் துக்கம் நீங்கவேண்டும் என்பதே. அது நீங்கினால் தாம் அமைதியாய்க் கண்மூடலாம். இவ்விருப்பத்தில் தீமையில்லை. ஆயினும் இது மகனைப் பற்றியதன்று, தம்மைப் பற்றியது.

பிரியும் நாளிலே ஜாக் தகப்பன்முன் கைநீட்டுகிறான். நினைவு மங்கிக்கொண்டிருந்த முதியவர் தம் கையை மடியில் இழுத்துக்கொண்டு முகந்திருப்புகிறார். அலுத்துவிட்டது என்ற பொருள்பட ஏதோ சொல்கிறார். ஜாக் குனிந்து அவர் நெற்றியில் முத்தமிட்டுப் போகிறான். எம் நண்பர்கள் இப்பகுதியைக் காட்டி, ‘பாரும், கிருபைக்கும் ஓர் எல்லையுண்டு’ என்றனர். யாம் வேறாகவே காண்கின்றோம். கேளாமலே கொடுக்கப்பட்ட மன்னிப்பு எண்ணெயில்லா விளக்குப்போல ஒருநாள் அணைந்தே தீரும்; அணைந்த நாள் அதுவே. கிழவரின் மரணத்தை எதிர்நோக்கி மற்றைய அறுவரும் வரவிருக்கிறார்கள். அவர்கள் வருமுன்னரே ஜாக் போய்விட்டான். எண்மரும் ஒருங்கு கூடவேண்டும் என்று தகப்பன் ஆண்டுக்கணக்கிற் செய்த ஜெபம் அவ்விதமாயிற்று.

நண்பர்கள் தொடுத்த மற்றொரு கணையும் உண்டு. ‘ஜாக் வாய்திறந்து சொல்லியிருக்கலாமே? சொல்லாதவன் பிழையைக் கேளாதவன்மேற் சுமத்துதல் நியாயமா?’ என்றனர். நல்ல வினா. அவன் கோழை என்பதை அவனே மறுக்கமாட்டான். ஆயினும் தன் மனைவியையும் மகனையும் பற்றி ஒருவன் சொல்லப் புகுமுன், கேட்பவன் அவர்களை மனிதராக மதிப்பானா என்று ஆராய்தல் அவனுக்குக் கடமையன்றோ? தன் பாவங்களை அறிக்கையிடுதற்கு அவன் அஞ்சவில்லை. அவையெல்லாம் முன்னரே ஊரறிந்தவை. தன் வாழ்க்கையில் வந்த ஒரே நன்மையை அறிக்கையிடவே அஞ்சினான். அதனைத் தகப்பன் மற்றுமொரு பாவமாக எண்ணி அதனையும் மன்னித்துவிடுவார் என்பதே அவனது பேரச்சம் என்று யாம் கருதுகின்றோம். டெல்லா மன்னிக்கப்படவேண்டியவள் அல்லளே!

நூலாசிரியையிடத்தும் எமக்கு ஒரு குறை உண்டு. கதையனைத்தையும் அசைக்கும் டெல்லா கடைசிச் சில பக்கங்களிலே மட்டும் வந்து மறைகிறாள். பௌட்டன் வீட்டாரின் குருட்டைக் காட்ட எழுந்த நூல், தானும் அவளைப் பெரும்பாலும் காணாமலே செல்கிறது. குளோரியின் கண்ணாற் சொல்லப்படும் கதை இவ்வண்ணமன்றி எவ்வண்ணம் செல்லும் என்பர் சிலர். அதனையும் யாம் உணர்கின்றோம். ஆயினும் 12 ஆண்டுகள் கழித்து எழுதிய ‘ஜாக்’ என்னும் நாவலில் டெல்லாவை நெடிது பேசவைத்தமையால், இக்குறையை ஆசிரியையும் உணர்ந்தார்போலும் என்று எண்ண இடமுண்டு.

இவ்வளவும் எழுதியபின் ஒன்றை மறைத்தல் முறையன்று. முதன்முறை இந்நூலை வாசித்தபோது யாமும் தகப்பனின் பக்கமே நின்றோம். தொலைக்காட்சிச் செய்தி வரும் பக்கங்களை, கதைக்குப் புறம்பானவையென்று எண்ணி, விரைந்து புரட்டிவிட்டு, கிழவரும் மகனும் எப்போது கட்டித்தழுவுவர் என்று தேடினோம். முடிவை அறிந்து மீண்டும் அப்பக்கங்களுக்குத் திரும்பியபோதுதான், அந்நாற்காலியில் அமர்ந்து, மெல்லிய குரலில், இச்செய்திகளால் மனங்கலங்கவேண்டா என்று சொன்னவருள் யாமும் ஒருவராயிருந்தமை விளங்கிற்று. எம் நண்பரோடு இத்துணை வாதாடுதற்குக் காரணமும் அதுவே.

‘ஹோம்’ என்னும் சொல்லைத் தமிழில் ‘வீடு’ என்றே பெயர்த்தல் வேண்டும். உறையுளுக்கும் உயிர் அடையும் முடிந்த பேற்றிற்கும் நம் முன்னோர் ஒரே சொல்லை வைத்தனர். அறம் பொருள் இன்பங்களின்பின் நிற்பதும் வீடே. ஜாக்குக்கு இரண்டும் கிட்டவில்லை. ஆயினும் நூல் அவனோடு முடியவில்லை.

அவன் அகன்று இரண்டொரு நாளில் வீட்டின்முன் ஒரு வண்டி வந்து நிற்கிறது. அதில் இரு கறுப்பினப் பெண்டிரும் ஒரு சிறுவனும். டெல்லா ஜாக்கைத் தேடி வந்திருக்கிறாள்; சற்றே பிந்திவிட்டாள். ஜாக் சொல்லச் சொல்லக் கேட்டிருந்த வீட்டை அவள் கண்கள் பழகினவிடம்போல் நோக்குகின்றன. அவர்கள் உள்ளே வருதற்கும் நேரமில்லை. அந்நாட்களிற் கறுப்பினத்தார்க்கு வழியில் தங்குமிடம் கிடைப்பது அரிதாதலின் இருட்டுமுன் திரும்பவேண்டும். சிறுவனின் பெயர் ராபர்ட். உள்ளே படுத்திருக்கும் முதியவரின் பெயர். வண்டி போய்விட்டபின் குளோரி வாயிற்படியில் அமர்ந்து எல்லாவற்றையும் விளங்கிக்கொள்கிறாள்: தொலைக்காட்சியின் முன் தம்பியென்றும் அண்ணனென்றும் பாராமல் தான் சமாதானஞ் செய்ய முயன்ற அந்த வாதங்கள் எதைப்பற்றியவை என்பதையும். அவளுக்கு அவ்வீட்டின் கனத்த மேசை நாற்காலிகளில் விருப்பமில்லை, அவ்வூரிலும் விருப்பமில்லை. ஆயினும் ஒன்றையும் மாற்றாமல் அங்கேயே இருந்துவிடத் துணிகிறாள். ஆண்டுகள் பல கழிந்து ஓர் இளைஞன் அவ்வழியே வந்து, தயங்கி நின்று, தன் தந்தை பிறந்த இடம் இதுதானா என்று பார்ப்பான். தான் இன்னாளென்று அவன் அறியாவிடினும், படியேறி உள்ளே வரும்படி அவனை அழைக்கவேண்டும் என்று அவள் எண்ணிக்கொண்டிருக்கிறாள்.